பாலத்துப் படத்தின் பின்பக்கம்

பண்டார் பாரு
10-1-2603

அன்புள்ள மச்சானுக்குப் பரஞ்சோதி எழுதுவது. நானும் உங்கள் தங்கை புஷ்பவள்ளியும் சுகம். நீங்களும் பாப்பம்மா அக்காவும் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் மனசு ஆறும்.

தேதியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஸ்டேஷனில் ஜப்பான் வருஷத்தைத்தான் எழுத வேண்டும், கை பழகிவிட்டது. கடிகாரத்தையும் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். சூரியன் மட்டும் இன்னும் பழைய நேரத்துக்கு வருகிறது.

தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்கள். அதனால் கூட்ஸ் வண்டி கார்டு பழனியாண்டி கையில் கொடுக்கிறேன். பதிலையும் ஞாயிற்றுக்கிழமை பீடோங் ஸ்டேஷனுக்கு வந்து அவரிடமே கொடுங்கள். முதலில் நல்ல சேதி. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உங்கள் தங்கைக்கு இது இரண்டாம் மாசம். கண் படக்கூடாது என்று யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த விஷயம் நம் படக்கட்டு. யுத்தம் வந்த வாரத்தில் சுற்று உங்களிடம் இருந்தது. இங்கிலீஷ் பத்திரிகைக்கு எழுதிப்போட்டு, முகம் தெரியாத வெள்ளைக்கார ரயில் பைத்தியங்களிடம் கெஞ்சி வாங்கிய படங்கள் இருபத்தொன்று. அவர்கள் ஊர் எஞ்சின்களை நாம் பார்க்கப் போவதே இல்லை என்று தெரிந்தும் ஏழு வருஷம் அதைச் சுற்றிச் சுற்றி அனுப்பினோம். பார்த்தவர் பின்பக்கம் தன் கருத்தை எழுதி, பெயருக்குப் பதில் தான் பொறுக்கிய எஞ்சின் எண்ணைப் போட வேண்டும் என்பது நம் சட்டம். நான் 17, நீங்கள் 31, மீரா சாகிபு 44. வெள்ளைக்காரன் பார்த்தாலும் மதிக்க வேண்டும் என்று இங்கிலீஷில் வேறு எழுதித் தள்ளினோம்.

இருபத்திரண்டாவது படம் நாமே எடுத்தது. மீரா சாகிபு தன் சாப்பாட்டுக் கடையைப் பூட்டிவிட்டு, கிரியான் ஆற்றங்கரைச் சேற்றில் படுத்து, பாலத்தின் மேல் மெயில் வண்டி போவதைப் பிடித்தாரே, அது. அன்றைக்குப் பக்கத்தில் நின்று வாட்ச் பார்த்தவன் நான். பாலத்தைக் கடக்க எத்தனை விநாடி, எந்தத் தூணுக்கு மேலே டிரைவர் வேகத்தைக் குறைக்கிறார், பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பின்பக்கம் முழுக்க எழுதி 17 போட்டிருக்கிறேன்.  இங்கே ஒரு சீனக் கடைக்காரர் வீட்டில் பாலத்தின் படம் ஒன்று இருந்ததற்காக ராணுவப் போலீஸ் அவரை இழுத்துப் போனது. போனவர் போனவர்தான்.

படக்கட்டை எரித்துவிடுங்கள். ஒன்றுகூட மிஞ்ச வேண்டாம். எரித்தேன் என்று ஒரு வரி போதும். இந்தக் கடிதத்தையும் படித்தவுடன் எரியுங்கள். பழைய பழக்கத்தில் எண்ணைப் போடாமல் பெயரைப் போட்டு முடிக்கிறேன்.

பரஞ்சோதி


செமிலிங்
7-2-2603

முருகன் துணை.

மாப்பிள்ளைக்கும் புஷ்பவள்ளிக்கும் அய்யாவுவின் ஆசி. அவள் விஷயம் கேட்டு உங்கள் அக்கா கோயிலுக்குப் போய் விளக்கு வைத்துவிட்டு வந்தாள். எண்ணெய் இல்லாததால் விளக்கு மட்டும்தான் வைத்தாள்.

எனக்குக் காய்ச்சல் வாரம் ஒரு முறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறது. கொய்னா மாத்திரை கிடையாது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்று போய், லயத்து வீடுகளைச் சுற்றி எல்லாரும் மரவள்ளி நட்டுவிட்டார்கள். துரை ஓடிவிட்டார். நான் மட்டும் கணக்கு எழுதும் கிராணி என்ற பெயரோடு ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். வேலை என்னவென்றால், சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆள் பட்டியல் எழுதுவது. நேற்று என் கையாலேயே நாற்பது பெயர் எழுதினேன். அவர்களில் எத்தனை பேர் என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்த பட்டியலில் ஆபீஸ் ஆட்களையும் சேர்ப்பார்களாம். ரயில் ரயில் என்று உயிரை விட்டேன், அது வந்து கூப்பிடுகிறது பாருங்கள்.

கட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். செய்ய வேண்டியதைப் பார்த்துக்கொள்கிறேன். மீரா சாகிபுவிடம் சொல்லுங்கள், அந்த ஸ்காட்லாந்து விரைவு வண்டியின் எஞ்சின் பச்சைதான். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து நீலம் என்று சாதிக்க அவரால்தான் முடியும்.

புஷ்பவள்ளியைப் பாரம் தூக்க விடாதீர்கள்.

அய்யாவு


பண்டார் பாரு
14-3-2603

மச்சானுக்கு வணக்கம். புஷ்பவள்ளி சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள். சோறு இல்லாத காலத்தில் அதுவும் ஒரு சௌகரியம். உங்கள் காய்ச்சல் எப்படி இருக்கிறது?

செய்ய வேண்டியதைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் என்ன அர்த்தம், மச்சான்? எரித்தீர்களா, இல்லையா? கேட்டது ஒரு வரி. நீங்கள் எஞ்சினுக்குப் பச்சை பூசிக்கொண்டிருக்கிறீர்கள்.

மீரா சாகிபு தன்னிடம் தனியாக வைத்திருந்த படங்களைப் போன வாரம் எரித்தார். நானும் கூட இருந்தேன். கடை அடுப்பில் ஒவ்வொன்றாக, முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துப் பார்த்துப் போட்டார். உங்கள் பச்சைச் சேதியைச் சொன்னேன். ஒரு படம் பற்றிக்கொண்டதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “இங்க பாரு பரஞ்சோதி, எரியிறப்பக்கூட நீலமாத்தான் எரியுது லா. உன் மச்சான்கிட்ட சொல்லு” என்றார். அவர் மனைவி கைருன்னிசா, சோறு வடிக்க விறகில்லாத நேரத்தில் இந்தக் கிழவனுக்குப் படம் எரிக்கிற வேலையைப் பாரு என்று உள்ளிருந்து சத்தம் போட்டார்.

அந்த மனுஷர் எரித்துவிட்டார். நானும் எரித்துவிட்டேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். அக்காவுக்கு எங்கள் அன்பு.

பரஞ்சோதி


செமிலிங்
23-5-2603

முருகன் துணை.

மாப்பிள்ளைக்கு. இரண்டு மாசமாக எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். உடம்பு சரியில்லை, இப்போது தேவலை. பாப்பம்மா சுகம்.

பழனியாண்டியிடம் ஒரு சிறு மூட்டை அரிசி கொடுத்திருக்கிறேன். சுத்தமான அரிசி, கல் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி மரவள்ளியைத் தின்று கிடக்கிறாள் என்று நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. அவளை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அரிசி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மொரிதா என்று ஒரு ரயில்வே அதிகாரி ஆள் எடுக்க வந்தான். மற்ற ஜப்பான்காரர்களைப் போல அறைகிற ஆள் இல்லை. கண்ணாடி போட்டவன். அவன் ஊரில் எஞ்சின் பட்டறையில் இருந்தவனாம். சட்டைப் பையில் பெண்டாட்டி படத்தோடு ஓர் எஞ்சின் படத்தையும் வைத்திருக்கிறான். நம்மைப் போல ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சயாம் பட்டியலில் என் பெயர் இருந்தது. அவன்தான் பேனாவால் அடித்தான்.

உங்கள் பக்கம் எல்லாம் அமைதிதானே? யாராவது உங்களைத் தேடி வந்தார்களா? ஸ்டேஷனில் வேலை உண்டு, வீடு உண்டு என்று இருங்கள். கொஞ்ச நாளைக்கு மீரா சாகிபு கடைப் பக்கம் போகாமல் இருந்தால்தான் என்ன?

அய்யாவு


பண்டார் பாரு
4-6-2603

மச்சானுக்கு. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. புஷ்பவள்ளி மட்டும் சுகம்.

போன செவ்வாய்க்கிழமை மீரா சாகிபுவை ராணுவப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் ஸ்டேஷனில் இருந்தேன். கடையில் அன்றைக்கு இருந்ததே மரவள்ளி தோசையும் கருவாட்டு ஆணமும்தான். கல்லில் போட்ட தோசை கருகிக்கொண்டிருக்க, கையைக்கூடக் கழுவ விடாமல் லாரியில் ஏற்றினார்களாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பங்களாவில் வைத்திருக்கிறார்கள். வீட்டைக் கிளறிப் பார்த்ததில் ஒன்றும் அகப்படவில்லை. எரித்தது எரித்ததாகவே இருந்தது.

உங்கள் கடிதம் அதற்கு மூன்று நாள் முன்னால்தான் என் கைக்கு வந்தது. அவர் கடைப் பக்கம் போக வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஏன் அப்படி எழுதினீர்கள், மச்சான்? என்ன தெரியும் உங்களுக்கு?

கட்டு எங்கே?

அரிசி வந்தது. பாதியைக் கைருன்னிசாவுக்குக் கொடுத்தேன். மீதியை நாங்கள் சாப்பிடுகிறோம். அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பரஞ்சோதி


செமிலிங்
20-6-2603

முருகன் துணை.

மாப்பிள்ளைக்கு. சேதி கேட்டு ரொம்ப வருத்தம். விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். குற்றம் இல்லாதவர்களை என்ன செய்யப் போகிறார்கள்.

உங்களிடம் யாரும் வரவில்லையே? யாராவது கேட்டால் உங்களுக்குப் படம் என்றால் என்னவென்றே தெரியாது. புஷ்பவள்ளிக்கு ஏழாம் மாசம் என்பதை நினைவில் வையுங்கள். இன்னும் கொஞ்சம் அரிசி அனுப்புகிறேன். பாப்பம்மாவுக்கு இருமல்.

அய்யாவு


பண்டார் பாரு
18-7-2603

மச்சானுக்கு. உங்கள் தங்கை நலம். அக்காவின் இருமலுக்கு இங்கிருந்து அனுப்ப மருந்து எதுவும் கிடைக்கவில்லை.

மீரா சாகிபு இறந்துவிட்டார். பிடித்துப்போன முப்பத்தைந்தாம் நாள், வந்து எடுத்துக்கொண்டு போ என்று ஆள் விட்டார்கள். பள்ளிவாசல்காரர்கள் நாலு பேரோடு நானும் போனேன். குளிப்பாட்டியவர்கள் முகத்தையும் துணியால் மூடித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். 

இப்போது கைருன்னிசா இத்தா இருக்கிறார். நான்கு மாசம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வர மாட்டார். நேற்று அரிசி கொண்டுபோய் வாசலில் வைத்தபோது கதவுக்குப் பின்னால் நின்று என்னை நிறுத்தினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அண்ணே, அன்னைக்கு வந்தவன் அவர்கிட்ட ஒன்னே ஒன்னுதான் கேட்டான். மலாய்லதான் கேட்டான். ‘நீதான் நொம்போர் துஜு பெலாசா’ன்னான். இவரு என்னைப் பாத்தாரு, அடுப்பைப் பாத்தாரு. அப்புறம், ஆமா நான்தான்னுட்டாரு. பதினேழுன்னா என்னங்கண்ணே?”

நான் தெரியாது என்றேன்.

மச்சான், பதினேழு யார் என்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மண்ணுக்குள் போய்விட்டார். ஒருவன் இதை எழுதுகிறான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்னவென்று அந்த மனுஷருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஆமாம் என்றார். ஆனால் என் எண்ணுக்கு அவர் பெயரைக் கொடுத்தது யார்? உங்கள் தங்கை வயிற்றில் இருக்கும் பிள்ளைமேல் ஆணை, சொல்லுங்கள்.

பரஞ்சோதி


பண்டார் பாரு
6-9-2603

மச்சானுக்கு. ஆகஸ்டு 19ஆம் தேதி ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

பழனியாண்டி உங்களைப் பீடோங்கில் இரண்டு முறை பார்த்ததாகச் சொன்னார். இரண்டு முறையும் அரிசி கொடுத்திருக்கிறீர்கள், கடிதம் கொடுக்கவில்லை. அரிசியைத் தாய்மாமன் சீர் என்று உங்கள் தங்கை சொல்லிக்கொள்கிறாள். நான் கேட்டதற்கு எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

பரஞ்சோதி


செமிலிங்
10-10-2603

முருகன் துணை.

மாப்பிள்ளைக்கும் புஷ்பவள்ளிக்கும் பேர் தெரியாத என் மருமகனுக்கும் ஆசி.

கட்டை நான் எரிக்கவில்லை. மூன்று முறை அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். மூன்று முறையும் ஒரு தடவை கடைசியாகப் பார்த்துவிடலாம் என்று பிரித்தேன், அவ்வளவுதான். இந்தக் காட்டில் எனக்கு வேறு என்ன இருந்தது? பட்டியல் எழுதுவதும் காய்ச்சலில் கிடப்பதும்தான்.

மொரிதா தன் எஞ்சின் படத்தை மேஜைமேல் வைத்து, உனக்குத் தெரியுமா இது என்ன வகை என்று இங்கிலீஷில் கேட்டான். நான் சொன்னேன். சக்கரக் கணக்கோடு சொன்னேன். அவன் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஒன்றரை வருஷத்தில் என்னை மனுஷனாக மதித்துப் பேசியவன் அவன் ஒருவன்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்க் கட்டை எடுத்துவந்து பிரித்துவிட்டேன். யாரும் மிரட்டவில்லை, மாப்பிள்ளை. அடிக்கவில்லை. நானாகத்தான் காட்டினேன்.

ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பார்த்தோம். ஸ்காட்லாந்து வண்டியைப் பார்த்து அவனும் பச்சை என்றான். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? மீரா சாகிபுவுக்கு எழுத வேண்டும் என்று அந்த நிமிஷத்திலும் நினைத்தேன். அப்புறம் அவன் பாலத்துப் படத்தைத் திருப்பினான். இரண்டு முறை படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதினேழு யார் என்றான். குரல் மாறவில்லை. அதே சிநேகிதக் குரல்தான்.

என் வாயில் உங்கள் பெயர் வரவில்லை. புஷ்பவள்ளியின் வயிறுதான் கண்ணில் நின்றது. மீரா சாகிபு என்றேன். அவருக்கு வயது அறுபது, பிள்ளைகள் இல்லை. அப்படியெல்லாம் கணக்குப் போட்டுச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டேன். என் பெயரை அடித்ததும் அரிசி வந்ததும் அதற்கு மறுநாள். கட்டை அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நீங்கள் என்னைக் கேட்டுவிட்டீர்கள். நான் உங்களைக் கேட்கிறேன். வாட்ச் பிடித்து விநாடிக் கணக்கு எழுதச் சொன்னது யார்? படத்தைப் பார்த்தோம், அழகாக இருக்கிறது என்று எழுதினோம் என்று இல்லாமல், எங்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியும் என்று காட்ட வேண்டியிருந்தது. அந்த வாய்க்கொழுப்புக்குத்தான் ஒருவர் போனார். பழியில் பாதி உங்களுக்கும் உண்டு. உங்களைக் காப்பாற்றியதற்காக நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அவருக்குச் செய்ததற்குக் கேட்க ஆள் இல்லை.

என் மருமகனை நான் பார்க்கலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அய்யாவு


பண்டார் பாரு
1-11-1943

மச்சானுக்கு. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் நலம்.

நம் கெடா மாநிலம் சயாம்காரர்கள் கைக்குப் போய்விட்டது. வேலைக்கு ஆற்றைத் தாண்ட எனக்கு இப்போது பாஸ் வேண்டும். இனி எந்த வருஷத்தை எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் பழைய வருஷத்தையே போட்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை ஸ்டேஷன் சாமான் அறையில் நின்று படித்தேன். உங்களை வெட்டிப்போட வேண்டும் என்று தோன்றும் என்றுதான் நினைத்திருந்தேன். மீரா சாகிபு என்றேன் என்ற வரியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. அப்பாடா, என்னைச் சொல்லவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம்தான் அது இருந்தது. பிறகு வந்ததெல்லாம் நான் நினைத்திருந்தபடியே வந்தது. ஆனால் முதலில் வந்தது அதுதான். உங்களை மன்னிக்க முடியாது, மச்சான். அந்த ஒரு மூச்சையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விநாடிக் கணக்கைப் பற்றிச் சொன்னீர்கள். சரிதான். ஒரு நாள்கூட அதை மறுக்க மாட்டேன்.

நேற்று கைருன்னிசா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டே போனேன். கதவுக்குப் பின்னாலிருந்து மறுபடியும் அவரே கேட்டார்.

“பதினேழுன்னா என்னன்னு விசாரிச்சீங்களாண்ணே?”

“அது ஒரு எஞ்சின் நம்பர்மா” என்றேன். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.  பிறகு, ரயில் என்றால் அவருக்கு உயிர், அதுதான் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லியிருப்பார் என்றார். நானும் ஆமாம் என்றேன். இத்தனை மாசமாக நீங்கள் எழுதாமல் விட்டதற்கு உங்களைத் திட்டினேன். எனக்கு மறைக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். இந்தப் பஞ்சத்தில் முகம் பார்க்காத ஆளுக்கு யார் அரிசி கொடுக்கிறார்கள், செமிலிங் அண்ணனுக்கு என் சலாம் சொல்லுங்கள், அவர் அனுப்பிய அரிசியில்தான் நாற்பதாம் நாள் பாத்திஹா சோறு ஆக்கினேன் என்றார். சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். இனி அரிசி அனுப்ப வேண்டாம். பிள்ளையைப் பார்க்கவும் வர வேண்டாம். தாய்மாமன் ஏன் வரவில்லை என்று புஷ்பவள்ளி கேட்டால், பாஸ் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். பொய் சொல்ல எனக்கும் பழகிவிட்டது.

முதல் கடிதத்தை எரிக்கச் சொன்னேன். இதை எரிக்க வேண்டாம். நீங்கள் எதையும் எரிக்கிற ஆள் இல்லை என்பது தெரியும், ஆனாலும் சொல்கிறேன். மொரிதாவோ வேறு யாரோ வந்து மறுபடி கேட்டால் இதைக் காட்டுங்கள். விசாரிக்கிறவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போன பிறகு எழுதுவதில் வீரம் ஒன்றும் இல்லை. அடுப்படியில் நின்றுகொண்டு ஆமாம் என்றவருக்கு இருந்தது அது. பாப்பம்மா அக்கா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் சட்டப்படி கீழே எண் போட்டிருக்கிறேன். இது என்னுடையது.

17